வினோதினி பேரில் ஒரு மொய் விருந்து

ஜூலை 3, வியாழன்

மை சப்ளை செய்யும் கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி, ஆறு மாதமாகக் கடை மேஜையின் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று அதை உருவிவிட்டேன். மேஜை ஆடுகிறது, ஆடட்டும். எங்கள் வீட்டில் நடப்பதை யாராவது நடுநிலையோடு எழுதி வைக்க வேண்டும். என்னைவிட நடுநிலையான ஆள் அந்த வீட்டில் இல்லை.

நான் நீலகண்டன். பேராவூரணி கடைவீதியில் ப்ளெக்ஸ் அடிக்கிறேன். கறுப்பானவரைச் சிவப்பாக்குவதும், நரைத்த மீசைக்கு மை பூசுவதும், எட்டாத தலைவர்களுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஆட்களை நிறுத்துவதும் என் தொழில். ஆடி மாதம் பிறந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. எங்கள் பக்கத்தில் பணம் வேண்டுமென்றால் பேங்கை நம்ப மாட்டார்கள், பந்தலை நம்புவார்கள். ஆடி, ஆவணியில் ஆட்டுக்கறி விருந்து வைத்து ஊரை அழைப்பார்கள். வந்தவர்கள் சாப்பிட்டு மொய் வைத்துவிட்டுப் போவார்கள். அது இனாம் இல்லை. அவர்கள் வீட்டு விருந்துக்கு நாம் போய், வாங்கியதையும் வைத்து, மேலே புதிதாகக் கொஞ்சமும் வைக்க வேண்டும். வைக்காதவனை அவன் செத்த பிறகும் ஊர் விடாது. ஒரு வீட்டுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் விருந்து வைக்கும் முறை வரும். இந்த ஆடி எங்கள் முறை.

அப்பா தேங்காய் வியாபாரி. ஐந்து வருடமாக ஒரு விருந்து விடாமல் சாப்பிட்டு, ஒரு வீடு விடாமல் மொய் வைத்திருக்கிறார். இரவுச் சாப்பாட்டில், இந்த மொய்யில் மாடி கட்டுவது என்று அறிவித்தார். அப்போதுதான் வினோ வாயைத் திறந்தாள். வினோதினி என் மனைவி. தை மாதம் கல்யாணம் ஆனது. பி.எஸ்சி. விலங்கியல்.

"மாமா, மாடிய அடுத்த மொய்யில கட்டிக்கலாமா? எனக்கு ஒரு வருசம் கோச்சிங் போகணும். நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோட ஒண்ணு இருக்கு. பிளஸ் டூ முடிச்சப்ப நீட்ல கொஞ்சத்துல தவறிப்போச்சு. இன்னொரு தடவ எழுதிப் பாத்துர்றேன்."

ரசம் ஊற்ற வந்த அம்மா எல்லோருக்கும் மோரை ஊற்றிவிட்டாள்.

"டிகிரி முடிச்சாச்சு, கல்யாணமும் ஆயிருச்சு. இதுக்கு மேல என்னத்துக்குப் படிக்கிறது?" என்றார் அப்பா.

"டாக்டருக்கு, மாமா."

அப்பா என்னைப் பார்த்தார். வினோவும் பார்த்தாள். நான் ஆதரவாகத் தலையாட்டினேன். எந்தப் பக்கத்துக்கு என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஆகஸ்ட் பாதிக்குள் மொத்தப் பணத்தையும் கட்டினால்தான் கோச்சிங்கில் இடமாம். மொய்யைத் தொடாமல் முடியுமா என்று பார்க்க வினோவை பேங்குக்கு அழைத்துப் போனேன். மேனேஜர் நல்ல மனிதர். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"காலேஜ்ல சீட்டு கெடச்சா லோன் உண்டும்மா. சீட்டு வாங்கறதுக்குப் படிக்கிறதுக்கு லோன் கெடையாது."

"சீட்டு கெடச்சுட்டா கவர்மெண்டு காலேஜ்ல செலவே கம்மி சார். அப்ப எனக்கு லோன் எதுக்கு?" என்றாள் வினோ.

மேனேஜர் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாவம், அவள் முகம் வாடிவிட்டது. எனக்கும் மிகுந்த வருத்தம். திரும்பும் வழியில் ரோஸ்மில்க் குடித்தேன். பிறகு இன்னொன்றும் குடித்தேன். கொண்டாட்டமெல்லாம் இல்லை. வெயில்.

ஜூலை 10, வியாழன்

நாமக்கல்லைப் பற்றி விசாரித்தேன். தண்ணீர் உப்பாம். கோழிப்பண்ணை வாடை துணியில் ஏறினால் போகாதாம். லாரி ஜாஸ்தியாம். ஒரு கணவனாகத் தகவலை மட்டும் சொன்னேன். வினோ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "நம்மூர்ல கருவாட்டுச் சந்த இருக்குங்க" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

கறிக்கடையில் ஈரலோடு ஓர் ஆட்டு இதயத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வினோ அதைக் குழம்பில் போடாமல் தாம்பாளத்தில் வைத்து நீளவாக்கில் கீறினாள். அப்பா பேப்பரைத் தாழ்த்தி எட்டிப் பார்த்தார்.

"அது என்ன சவ்வு மாதிரி?"

"வால்வு மாமா. போன ரத்தம் திரும்பி வராம அடைச்சுக்கும்."

"அட, நம்ம மோட்டாருக்குப் போட்ட ஃபுட்வால்வு."

"அதேதான். அது சரியா மூடலைன்னா மோட்டாரு சும்மா சுத்துதுல்ல, அது மாதிரி இங்கயும் மூச்சு வாங்கும்."

மொட்டைமாடிப் படி ஏறினால் தனக்கு மூச்சு வாங்குவதைப் பற்றி அப்பா கேட்டார். அதற்கு அவள், தான் டாக்டர் இல்லை என்றும், பட்டுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றும், எதற்கும் உப்பைக் குறைக்கலாம் என்றும் சொன்னாள். நான் இருபது வருடமாக உப்பைக் குறைக்கச் சொல்கிறேன். என்னை வெளியே போகச் சொல்வார். இன்று ஊறுகாய்த் தட்டைத் தானே தள்ளி வைத்தார்.

சாப்பிட்டு எழுந்தவர், "மூச்சு வாங்குறவனுக்கு மாடி எதுக்கு? புள்ள படிக்கட்டும்" என்றார்.

அம்மா உடனே சரி என்றாள். எல்லோரும் ஒரே பக்கம் போய்விட்டார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். இதயம் குழம்புக்கு வராமல் போனதில் கொஞ்சம் வருத்தம், அவ்வளவே.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் நாள். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று பெரியவர்கள் பிரித்துவைக்கிறார்கள். அறந்தாங்கியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். வினோவின் புத்தக மூட்டை துணி மூட்டையைவிடப் பெரிது.

ஒரு மாதம் ஆடி, பிறகு ஒரு வருடம் நாமக்கல், பிறகு ஐந்தரை வருடம் டாக்டர் படிப்பு. கல்யாணம் ஆகி ஆறு மாதம்தான் ஆகிறது.

வீடு விசாலமாக இருக்கிறது. கட்டிலில் குறுக்கே படுக்கலாம். படுத்துப் பார்த்தேன். கால் வெளியே நிற்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

விருந்து ஆகஸ்ட் பத்தாம் தேதி என்று முடிவாகிவிட்டது. எங்கள் ப்ளெக்ஸ் இன்னும் அடிக்கவில்லை. ப்ளெக்ஸைப் பார்த்துத்தான் ஊர் வரும், அதனால் அவசரம் என்கிறார் அப்பா. வாடிக்கையாளர் வேலை முதலில், சொந்த வேலை கடைசியில் என்பது தொழில் தர்மம். வினோவின் வேலை என்பதால் தாமதிக்கிறேன் என்று அம்மா நினைக்கிறாள். தாய்க்குப் பிள்ளையைத் தெரியவில்லை.

ஜூலை 25, வெள்ளி

பிரிண்டர் ஹெட்டில் அடைப்பு. எங்கள் ப்ளெக்ஸை அடிக்க முடியவில்லை. மற்ற பதினோரு ப்ளெக்ஸும் நன்றாக வந்தன.

அப்பா கடைக்கு வந்து, செவ்வாய்க்குள் அடிக்காவிட்டால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கொடுத்துவிடுவேன் என்றார். அந்தக் கடைக்காரன் ஒரு மணமகளுக்கு மணமகன் மீசையை ஒட்டியவன். என் மனைவியை அவன் கையில் விட முடியாது.

ஜூலை 27, ஞாயிறு

ஆடியில் மாப்பிள்ளை கூப்பிடாமல் மாமியார் வீட்டுக்குப் போகக் கூடாது. நான் மாப்பிள்ளையாகப் போகவில்லை, ப்ளெக்ஸுக்கு போட்டோ எடுக்கப் போனேன். மாமியாருக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை. கோழி அடித்துவிட்டார்.

வினோ கூடத்தில் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் பேனா மை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். எங்கள் வீட்டில் இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரில் எத்தனையோ முகங்களுக்கு வெளிச்சம் ஏற்றியிருக்கிறேன், இது மாதிரி வந்ததில்லை. எனக்குச் சுருக்கென்றது. கோழியில் காரம் அதிகமோ என்னவோ.

"ப்ளெக்ஸ் அடிச்சாச்சாங்க?"

"மெஷினுக்கு உடம்பு சரியில்ல."

"மெஷினுக்கா, உங்களுக்கா?"

போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கடைசி பஸ் என்றேன். மணி நான்கு.

ஜூலை 28, திங்கள்

பஸ்ஸில் வந்தபோது ஒரு யோசனை தோன்றியது. மொய் யார் பேரில் வாங்கப்படுகிறதோ அவர்தான் வாழ்நாள் முழுக்கத் திருப்பி வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டு ஆண் பேரில்தான் விருந்து. ஏன் ஒரு பெண் பேரில் வைக்கக் கூடாது? படிக்கப் போகிறவள் அவள். அழைப்பவளும் அவளாகவே இருக்கட்டும். பெண்களுக்கு உரிய மரியாதை கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கொள்கை.

மொய் வாங்கியவர் ஊரைவிட்டுப் போனாலும் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்பது உண்மைதான். அதை நினைத்து நான் இதைச் செய்யவில்லை.

மெஷினைத் துடைத்தேன். அடைப்பு நீங்கிவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

வினோதினி படம் நடுவில், பெரிதாக. அப்பாவும் நானும் கீழே, சிறிய வட்டத்துக்குள். அப்பா டிசைனைப் பார்த்து முதலில் கடையிலிருந்தே வெளியேறிவிட்டார். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"பொம்பளப் பேர்ல வைக்கிறதுன்னு ஆயிப்போச்சு. பேருக்கு மேல வருங்கால மருத்துவர்னு போடு. கழுத்துல அந்த டாக்டர் கொழாயயும் மாட்டு."

"அவ பரீட்சையே எழுதலப்பா."

"நீ அடிச்சதுல எத்தன வருங்கால எம்.எல்.ஏ. இருக்கான்? ஒருத்தனாச்சும் எலெக்சன்ல நின்னானா?"

குழாயை மாட்டினேன்.

படத்தை வினோவுக்கு அனுப்பினேன். வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டாள். "என் பேர்ல வாங்குனா நான்தான திருப்பி வைக்கணும்? எங்கிட்டும் போயிராம இருக்க ஊரோட சேத்துக் கட்டிப் போடுறீங்களா?"

"சே, மரியாதைக்குத்தான்."

அப்புறம், "மூக்க ஏன் சின்னதாக்குனீங்க?" என்றாள்.

மூக்கைப் பழையபடி மாற்றிவிட்டேன். இந்த வருடத்தில் நான் தொட்டுத் திருத்தாமல் அடித்த ஒரே மூக்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் ஆடிக் காற்று ப்ளெக்ஸைக் கிழித்துவிட்டது. அம்மியையே தூக்கும் காற்று, ப்ளெக்ஸை விடுமா? சரியாக அப்பாவும் நானும் இருந்த மூலை மட்டும் பறந்து தென்னந்தோப்பில் போய் விழுந்தது. வினோ கழுத்தில் குழாயோடு அசையாமல் நின்றாள்.

பந்தலில் இரண்டு மேஜை போட்டோம். அப்பாவின் பழைய மொய்யைத் திருப்பி வைப்பவர்களுக்கு ஒன்று, வினோ பேரில் புதிதாக வைப்பவர்களுக்கு ஒன்று. பழைய மொய் விருந்துச் செலவுக்கும் பாதிப் படிப்புக்கும்தான் காணும். மீதி அந்த இரண்டாவது மேஜையில் வந்தாக வேண்டும். அதற்கு ஆளே வராது என்று அப்பாவின் நண்பர்கள் சொன்னார்கள். பதினொரு மணி வரை வரவும் இல்லை. மொய் எழுதுபவர் பேனாவால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். வினோ அவர் பக்கத்தில் பட்டுப்புடவையோடு கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. போய் ஆட்களின் கையைப் பிடித்து இழுத்து வரலாமா என்று இருந்தது.

முதலில் வந்தது கீரைக்காரப் பாக்கியம் அக்கா. சாப்பிட்டுக் கை கழுவி, முந்தானையில் முடிந்ததை அவிழ்த்து மேஜையில் வைத்தார்.

"யாரு பேருக்கா எழுத? வீட்டுக்காரரு பேரு சொல்லுங்க" என்றார் எழுதுபவர்.

"பாக்கியம்னு எழுது. இது என் காசு." பிறகு வினோவிடம் குனிந்தார். "ஏம்மா, ராவானா கெண்டக்கால் இழுத்துக்குது. எதனால?"

"அக்கா, நான் இன்னும் டாக்டர் இல்ல. பரீட்ச எழுதணும், பாஸாகணும், அஞ்சு வருசம் படிக்கணும்."

"படி. அதுவரைக்கும் இழுக்கட்டும். நெனப்புல வச்சுக்க."

பின்னால் ஒரு வரிசை உருவாகிவிட்டது. எல்லாம் பெண்கள். இதுவரை எந்த மொய் நோட்டிலும் சொந்தப் பேர் ஏறாதவர்கள். ஒவ்வொருத்தரும் ஒரு தொகையும் ஒரு நோயும் வைத்தார்கள். மேல்மூச்சு, மூட்டுவீக்கம், யாரிடமும் சொல்லாத வயிற்றுவலி. வரிசை நகரவில்லை. "அம்மா, இது மொய் மேச, ஆஸ்பத்திரி இல்ல" என்று எழுதுபவர் கத்தினார். யாரும் கேட்கவில்லை. வினோ ஒவ்வொருத்தருக்கும் எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவில் காட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பணம் போதும். மாடி வராது. அப்பா இரண்டையும் சந்தோஷமாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தேன். அழவில்லை. பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை, நாமக்கல் பக்கம் தூசி அதிகம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

திருச்சிற்றம்பலத்தில் பாக்கியம் அக்காவின் தம்பி வீட்டு விருந்து. தம்பி மனைவி வைத்த மொய்யைத் திருப்பி வைக்க, வினோவுக்காக நான் போனேன். "வினோதினி யாரு?" என்றார் எழுதுபவர். "என் சம்சாரம்." "நீங்க?" "கூட வந்தவன்" என்றேன். அவள் வரவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இன்னும் எத்தனை விருந்து, எத்தனை ஆடு. டாக்டராகி முதலில் அவள் பார்க்க வேண்டியது என் கொழுப்பைத்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வினோ வார்டன் போனிலிருந்து பத்து நிமிடம் பேசினாள். ஏழு நிமிடம் இயற்பியலைத் திட்டினாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கூட இருப்பவர்களெல்லாம் பதினெட்டு வயதாம். தாலியைப் பார்த்துவிட்டு ஒரு பெண் அவளை ஆன்ட்டி என்றாளாம். "சின்னப் புள்ள தான, விடு" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று அழுதாள். வாராந்தரத் தேர்வில் கடைசிக்கு முந்தின இடம். "என்னால முடியலங்க. மூளையெல்லாம் மங்கிப்போச்சு. நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருங்க. கடை வேலையப் பாத்துக்கிட்டு உங்க கூடவே இருந்துர்றேன்."

போனை வைத்தேன். கடையைப் பூட்டினேன். வீட்டுக்கு வந்து போர்வையைத் துவைத்துப் போட்டேன். அம்மாவிடம் இடியாப்பத்துக்கு மாவு இருக்கிறதா என்று கேட்டேன். கடைவீதிக்குத் திரும்பிப் போய் மல்லிகை வாங்கினேன். நாளைக்குள் வாடிவிடும் என்று பூக்காரம்மா சொன்னார். பரவாயில்லை என்றேன்.

அப்பா ஈஸிச்சேரில் இருந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரொம்ப வருத்தமா இருக்குல்ல உனக்கு?" என்றார்.

ஆமாம் என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

பட்டுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல். நான்கு பஸ். பார்வையாளர் கொட்டகையில் வினோ பெட்டியோடு தயாராக இருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வேறென்ன வேண்டும்? இதற்காகத்தானே மூன்று மாதமாக மெஷினையும் கோழிப்பண்ணையையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வார்டன் கையெழுத்துப் போட்டதும் கிளம்பிரலாம்" என்றாள்.

வார்டன் சாப்பிடப் போயிருந்தார். அப்போது ஒல்லியாக ஒரு பெண் நோட்டோடு ஓடி வந்தாள். "ஆன்ட்டி, போறதுக்கு முன்னாடி இந்தச் சிறுநீரகம் மட்டும் ஒரு தடவ. சார் நடத்துனது புரியல."

வினோ பெட்டிமேலேயே உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள். எங்கே வடிகட்டும், எங்கே உறிஞ்சும், எங்கே வெளியேற்றும். இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள், அப்புறம் நான்கு. எல்லோருக்கும் ஆன்ட்டிதான். வார்டன் வந்து நின்றார், வினோ பார்க்கவில்லை. அறந்தாங்கிக் கூடத்தில் பார்த்த அதே முகம். அந்த முகத்தை வீட்டுக்குக் கூட்டிப் போக எனக்கு வழி தெரியவில்லை. அவளைத்தான் கூட்டிப் போக முடியும்.

பெண்கள் போன பிறகு என்னிடம் திரும்பினாள். "போலாமா?"

"இல்ல."

"என்ன இல்ல?"

"உன்னயக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன் வினோ. பூவெல்லாம்கூட வாங்கி வச்சுருக்கேன். ஆனா கூட்டிட்டுப் போகல."

"ஏங்க?"

நல்லதாக ஒரு காரணம் சொல்ல நினைத்தேன், வாயில் வரவில்லை. "எத்தன பொம்பளைங்க கெண்டக்கால் இழுக்க இழுக்கக் காத்திருக்காங்க. நீ இப்ப வந்து எறங்குனா பஸ் ஸ்டாண்டுலயே என்னய மடக்கிருவாங்க."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "எனக்கு வரலைன்னா?"

"வரலைன்னா மே மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் நீ இங்க, நான் அங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மறைக்கவில்லை.

பெட்டியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். கனமாக இருந்தது, எல்லாம் புத்தகம். அவள் உள்ளே போகும்வரை நின்றேன். வாசல் திரும்பும் இடத்தில் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

எனக்கு அவள் இல்லாமல் வீடு பிடிக்கவில்லை. கடை பிடிக்கவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை. ஜூலையிலிருந்து இதைத்தான் எழுத வந்தேன், எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதியிருக்கிறேன்.

திரும்பும்போது திருச்சி பஸ்ஸில் நல்ல கூட்டம். பக்கத்து சீட்டில் என் பையை வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. கண்டக்டர் வந்து, "இங்க ஆள் வருதா சார்?" என்றார்.

"வருது" என்றேன்.

"எப்ப?"

"மே மாசம்."

அவர் பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவரை அங்கே உட்கார வைத்தார்.